டிவி அட்டைப்பெட்டியில் அச்சிடாத விஷயம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தட்டைத்திரை டிவி வாங்குவோருக்காக உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த வழிகாட்டிக் கட்டுரையைப் படித்தேன். நான் படித்து முடிப்பதற்குள் அதே கட்டுரையைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு என் அண்ணன் மகன் வந்து நின்றான். முதல் சம்பளத்தில் வீட்டுக்கு டிவி வாங்கப்போகிறான். "அத்தை, இதுல எந்த டிவியில நம்பர் எல்லாம் பெருசா இருக்கோ அதை வாங்கிடலாம் இல்ல?" என்று கேட்டான். அந்தக் கேள்விதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

27 வருடமாக டிவி பழுதுபார்த்து வருகிறேன். உங்கள் கட்டுரையில் தவறு என்று எதையும் காட்ட மாட்டேன். 4கே, ஹெச்டிஆர், 120 ஹெர்ட்ஸ் எல்லாவற்றுக்கும் விளக்கம் சரியாகவே இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே அளவு எழுத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டுவிட்டீர்கள். அட்டைப்பெட்டியிலும் அப்படித்தான் போட்டிருப்பார்கள். கண்ணுக்குத் தெரிகிற எண்ணும் தெரியாத எண்ணும் பக்கத்து பக்கத்தில் நிற்கும். படம் நன்றாக இருக்குமா இல்லையா என்பதை முதலில் முடிவுசெய்வது திரைக்குப் பின்னால் இருக்கிற விளக்கு. அதைப் பற்றி அட்டைப்பெட்டியிலும் ஒரு வரி இல்லை, கட்டுரையிலும் இல்லை.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் அப்பா. அவர் பிக்சர் டியூப் காலத்து மெக்கானிக். டிவியின் பின்மூடியைக் கழற்றிவிட்டு, முன்னால் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்துவார். பின்னாலிருந்து ஸ்க்ரூடிரைவரால் திருகிக்கொண்டே கண்ணாடியில் படத்தைப் பார்ப்பார். கண்ணாடியைப் பிடித்துக்கொள்வது சின்ன வயதில் என் வேலை. எல்லோரும் முகம் சிவப்பாகத் தெரிகிறதா, பச்சையாகத் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். அப்பா முதலில் அறை விளக்கை அணைத்துவிட்டு, படத்தில் வரும் தலைமுடியைப் பார்ப்பார். தலைமுடி கறுப்பாக இருக்க வேண்டும், அதே சமயம் இழை இழையாகவும் தெரிய வேண்டும். சாம்பல் பூத்த மாதிரி இருந்தாலும் தப்பு, மொத்தமாக மை கொட்டின மாதிரி இருந்தாலும் தப்பு. "இருட்டைச் சரி பண்ணு, வெளிச்சம் தானா வந்து நிக்கும்" என்பார். டியூப் போய்த் தட்டைத்திரை வந்த பிறகும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

சரி, முதலில் எல்லோரும் கேட்கிற பிக்சல் கணக்கை முடித்துவிடுகிறேன். ஹெச்டி என்றால் 1280 × 720, சுமார் 9 லட்சத்து 22 ஆயிரம் புள்ளிகள். ஃபுல் ஹெச்டி 1920 × 1080, சுமார் 20 லட்சத்து 74 ஆயிரம். 4கே என்பது 3840 × 2160, கிட்டத்தட்ட 83 லட்சம். சின்ன டிவிகள் பலவற்றில் 'ஹெச்டி ரெடி' என்று போட்டிருப்பார்கள். அவற்றில் பெரும்பாலும் இருப்பது 1366 × 768 பேனல், அதாவது படம் தெரிகிற திரைப் பலகை. 720 வரிப் படம் வந்தாலும் 1080 வரிப் படம் வந்தாலும் அதில் அப்படியே உட்காராது, ஒவ்வொரு தடவையும் இழுத்தோ சுருக்கியோதான் பொருத்தியாக வேண்டும். எழுத்துகளின் ஓரம் அதில் சற்று மங்கலாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம்.

அண்ணன் மகன் வாங்க நினைத்தது 43 அங்குல டிவி. அவனிடம் டேப்பைக் கொடுத்து, சோபாவிலிருந்து டிவி வைக்கப்போகும் சுவர் வரை அளந்து வரச் சொன்னேன். 10 அடி. 43 அங்குலம் என்பது மூலைக்கு மூலை எடுக்கிற அளவு. உயரம் 21 அங்குலம்தான். ஃபுல் ஹெச்டி படத்தில் தனித்தனிப் புள்ளி கண்ணுக்குப் பிரியாமல் போகிற தூரம், திரை உயரத்தைப் போலச் சுமார் 3 மடங்கு. இந்த அளவு டிவிக்கு அது ஏறக்குறைய ஐந்தரை அடி. அதைத் தாண்டி உட்கார்ந்தால் 4கே தருகிற கூடுதல் புள்ளிகளைச் சாதாரணப் பார்வையுள்ள கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாது. 10 அடியில் சொல்லவே வேண்டாம். அதற்காக 4கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இப்போது நல்ல விளக்கு அமைப்புள்ள டிவிகள் எல்லாம் 4கேயாகத்தான் வருகின்றன. 4கே என்ற எழுத்தைப் பார்த்ததுமே படம் நன்றாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இனி விளக்குக்கு வருகிறேன். சில மாதங்களுக்கு முன் வயதான அம்மா ஒருவர் கூப்பிட்டார். "சத்தம் வருதும்மா, படம் வரலை. பேனல் போயிடுச்சு, புதுசுதான் வாங்கணும்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க" என்றார். போய்ப் பார்த்தேன். செய்தி ஓடிக்கொண்டிருக்கிறது, குரல் தெளிவாகக் கேட்கிறது, திரை முழுக்க இருட்டு. ஜன்னலைச் சாத்தி, அறை விளக்கை அணைத்துவிட்டு, என் கைபேசி டார்ச்சைத் திரைக்குப் பக்கத்தில் சாய்வாகப் பிடித்தேன். வட்டமாக விழுந்த அந்த வெளிச்சத்துக்குள் செய்தி வாசிக்கும் பெண்ணின் முகம் மங்கலாகத் தெரிந்தது. உதடு அசைந்தது. கீழே ஓடுகிற எழுத்துகூட நகர்ந்தது. அந்த அம்மா என் தோளுக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்துவிட்டு, "அட, உள்ளதான் இருக்காங்க!" என்றார்.

அவர் சொன்னதுதான் விஷயம். படம் உள்ளேதான் இருந்தது. காட்டுகிற விளக்குதான் அணைந்துபோயிருந்தது.

நாம் எல்இடி டிவி என்று சொல்வது எல்சிடி டிவியைத்தான். முன்னால் இருப்பது திரவப் படிகப் பேனல். அதற்குச் சொந்தமாக ஒளி கிடையாது. பின்னாலிருந்து வருகிற வெளிச்சத்தைப் புள்ளிக்குப் புள்ளி விடுவதும் மறைப்பதும் மட்டும்தான் அதன் வேலை. முன்பு பின்னால் மெல்லிய ஃப்ளோரசன்ட் குழாய்கள் இருந்தன, இப்போது எல்இடி பட்டைகள் இருக்கின்றன. பெயர் மாறியது அதனால்தான். கியூஎல்இடி என்று எழுதியிருந்தாலும் இதே கதைதான். பின்னால் நீல விளக்கு, நடுவில் அந்த நீலத்தைச் சுத்தமான சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றித் தருகிற குவாண்டம் டாட் படலம். நிறம் நிச்சயமாகக் கூடும். ஆனால் அதுவும் பின்விளக்கு டிவிதான். ஓஎல்இடிதான் வேறு ஜாதி. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து தானே அணையும், அதனால் கறுப்பு முழுக் கறுப்பாக இருக்கும். பெயரில் ஒரு எழுத்துதான் வித்தியாசம் என்பதால் இரண்டையும் ஒன்று என்று நினைத்து வாங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்த அம்மாவின் டிவியைப் பட்டறைக்குக் கொண்டுவந்து படுக்கவைத்துப் பிரித்தேன். பேனலை எடுத்தால் கீழே வெள்ளைப் படலங்கள் அடுக்கடுக்காக இருக்கும். அவற்றைத் தூக்கினால் பட்டை பட்டையாக எல்இடிகள், ஒவ்வொன்றின் தலையிலும் குமிழ் மாதிரி ஒரு சின்ன லென்ஸ். இந்த எல்இடிகள் சரம் போல வரிசையாக இணைந்திருக்கும். ஒன்று அறுந்தால் மொத்தச் சரமும் அணையும். அந்த டிவியில் கருகியிருந்தது ஒரே ஒரு எல்இடி, நடுவில் கடுகளவு கறுப்புப் புள்ளி. பட்டைகளை மாற்றினேன், படம் வந்துவிட்டது. பேனலுக்கு ஒன்றுமே ஆகவில்லை. அதைத் தூக்கிப் போட்டிருந்தால் நல்ல பேனல் ஒன்று குப்பைக்குப் போயிருக்கும்.

ஏன் கருகியது? செட்டிங்கைத் திறந்து பார்த்தேன். வாங்கின நாள் முதல் 'விவிட்' மோட், பேக்லைட் (பின்விளக்கின் அளவு) 100. கடையில் நாற்பது டிவிக்கு நடுவில், கண் கூசும் விளக்குகளுக்குக் கீழே நம் கண்ணை இழுப்பதற்காக வைக்கிற அமைப்பு அது. வீட்டு அறைக்கு அவ்வளவு தேவையே இல்லை. முழு வேகத்தில் எரிகிற எல்இடி சூடாகும், சூட்டில் சீக்கிரம் போகும். வெள்ளை எல்இடி என்பது மஞ்சள் பாஸ்பர் என்ற ஒளிரும் பொடி பூசிய நீல எல்இடிதான். வருடக்கணக்கில் சூடு பட்டுப் பாஸ்பர் கெட்டால் படம் முழுக்க நீலம் பாரிக்கும். சில டிவிகளில் வெள்ளைத் திரையில் அங்கங்கே நாணயம் அளவுக்குப் பளிச்சென்று வட்டம் தெரியும். அது எல்இடி தலையிலிருந்து லென்ஸ் கழன்று விழுந்ததன் அடையாளம், பல சமயம் அதற்கும் சூடுதான் காரணம். அதனால் நான் யார் வீட்டுக்குப் போனாலும் கிளம்புமுன் பேக்லைட்டை 60க்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சினிமா மோடுக்கு மாற்றிவிட்டுத்தான் வருவேன். முதல் நாள் படம் மஞ்சளாக இருக்கிறது என்பார்கள். இரண்டு நாள் பொறுங்கள் என்பேன். ஒளிபரப்புக்கான வெள்ளை நிறத்துக்குத் தரம் வகுத்திருப்பதே ஏறக்குறைய 6500 கெல்வினில்தான் (இந்த எண் கூடக் கூட வெள்ளை நீலம் பக்கம் போகும்). விவிட் மோட் அதைவிட மிகவும் நீலமாக இருப்பதால்தான் சரியான வெள்ளை நமக்கு மஞ்சளாகப் படுகிறது. எல்சிடி டிவியில் மின்சாரத்தை அதிகம் இழுப்பதும் இந்தப் பின்விளக்குதான். இதற்கு ரிமோட் போதும். பின்மூடியை மட்டும் யாரும் தாங்களாகக் கழற்ற வேண்டாம், உள்ளே ஆபத்தான மின்னழுத்தம் இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு பெயர்க்குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும். மெனுவில் பேக்லைட் வேறு, பிரைட்னஸ் வேறு. பல டிவிகளில் பிரைட்னஸ் என்பது கறுப்பின் அளவைத்தான் ஏற்றி இறக்கும். படம் இருட்டாக இருக்கிறது என்று அதை ஏற்றிவிட்டால் தலைமுடி, நிழல், இரவு வானம் எல்லாம் சாம்பலாகிவிடும். அப்பா சொன்ன அதே தப்பு. ஷார்ப்னஸும் அப்படித்தான். அதை ஏற்றினால் துல்லியம் கூடாது, பொருள்களின் ஓரத்தில் கோடு போடும். மின்கம்பியில் உட்கார்ந்திருக்கிற காக்கையைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தால் ஷார்ப்னஸ் அதிகம் என்று அர்த்தம். அந்தக் கோடு மறைகிற வரைக்கும் இறக்குங்கள்.

கான்ட்ராஸ்ட் என்பது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம். அந்த எண்ணைப் பற்றி உங்கள் கட்டுரை 'அதிகமாக இருந்தால் நல்லது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அதில்தான் எனக்கு மனத்தாங்கல். லட்சக்கணக்கில் போடுகிற எண் பெரும்பாலும் டைனமிக் கான்ட்ராஸ்ட். முழு வெள்ளையாக ஒரு தடவை அளந்து, அப்புறம் விளக்கையே இறக்கிவிட்டு முழுக் கறுப்பாக இன்னொரு தடவை அளந்து, இரண்டையும் வகுத்துச் சொல்வது. ஒரே காட்சியில் நிலாவும் இரவும் சேர்ந்து வந்தால் அந்த எண்ணுக்கு வேலை இல்லை. அப்போது பேசுவது பேனலின் சொந்த கான்ட்ராஸ்ட். ஐபிஎஸ் வகைப் பேனலில் அது சுமார் 1000க்கு 1. விஏ வகையில் 3000க்கு மேல் போகும். ஐபிஎஸ்ஸில் பக்கவாட்டில் உட்கார்ந்தாலும் நிறம் அதிகம் மாறாது, ஆனால் இருட்டறையில் கறுப்பு சாம்பலாகத் தெரியும். விஏவில் நேராக உட்கார்ந்தால் கறுப்பு ஆழமாக இருக்கும், ஓரத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். பகலில் குடும்பமே சுற்றி உட்கார்ந்து பார்க்கிற வீட்டுக்கு ஒன்று, இரவில் விளக்கணைத்துப் படம் பார்க்கிறவருக்கு இன்னொன்று. வாங்குகிறவருக்கு இது எவ்வளவு முக்கியம்! ஆனால் அட்டைப்பெட்டியில் இந்தச் சொல்லே இருக்காது.

அடுத்தது அந்த விளக்கு எங்கே இருக்கிறது என்பது. ஓரத்தில் மட்டும் பட்டை வைத்தால் டிவி ஒல்லியாக அழகாக இருக்கும், ஆனால் கறுப்புத் திரையில் மூலைகளில் வெளிச்சம் கசியும். பின்னால் முழுவதும் விளக்கு பரப்பி, மண்டலம் மண்டலமாக ஏற்றி இறக்க முடிந்தால் நிலாவுக்குப் பின்னால் மட்டும் விளக்கு எரியும், மற்ற இடம் இருட்டாகவே இருக்கும். மண்டலங்கள் குறைவாக இருந்தால் நிலாவைச் சுற்றி ஒளிவட்டம் தெரியும். மினி எல்இடி என்பது இந்த மண்டலங்களை நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் பெருக்குகிற ஏற்பாடு.

ஹெச்டிஆரும் இதோடு சேர்ந்ததுதான். மிகப் பளிச்சென்ற இடத்தையும் மிக இருண்ட இடத்தையும் ஒரே காட்சியில் காட்டுகிற முறை அது. சாதாரணப் படத்தை 100 நிட் (திரை வெளிச்சத்தை அளக்கிற அலகு) வெளிச்சத்துக்குத் தயாரிப்பார்கள், ஹெச்டிஆர் படத்தைப் பெரும்பாலும் 1000 நிட்டுக்கோ அதற்கும் மேலோ தயாரிப்பார்கள். 300 நிட் கூட எட்டாத பேனலில், மண்டலமும் இல்லாத விளக்கில், 'ஹெச்டிஆர் சப்போர்ட்' என்று எழுதியிருந்தால் அந்த சிக்னலை அது வாங்கிக்கொள்ளும் என்று மட்டும்தான் பொருள். காட்டுவதற்கு விளக்கு இல்லை. சில டிவிகளில் ஹெச்டிஆர் வந்ததும் படம் முன்னைவிட இருட்டாகிப்போவதைப் பார்த்திருக்கிறேன். பார்க்கிறவர்கள் படத்தின் மேல்தான் குறை சொல்வார்கள்.

ஹெர்ட்ஸைச் சுருக்கமாகச் சொல்கிறேன். திரை நொடிக்கு எத்தனை தடவை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற கணக்கு அது. சினிமா நொடிக்கு 24 படம். 60 ஹெர்ட்ஸ் டிவியில் ஒரு படம் 2 தடவை, அடுத்தது 3 தடவை என்று மாறி மாறி வருவதால் கேமரா மெதுவாகத் திரும்பும்போது லேசாகத் தடுக்கும். 120இல் ஒவ்வொன்றும் சரியாக 5 தடவை வரும், தடுக்காது. ஆனால் 'மோஷன் ரேட்' 200, 800 என்றெல்லாம் போடுவது ஹெர்ட்ஸ் கிடையாது. அப்புறம், நடுவில் இல்லாத படங்களை டிவியே கற்பனை செய்து நிரப்புகிற வசதி ஒன்று உண்டு. கிரிக்கெட்டுக்குப் பரவாயில்லை. சினிமாவை அது வீடியோ எடுத்த மாதிரி ஆக்கிவிடும். அதனால்தான் 2019இல் அதையெல்லாம் அணைத்துவைக்கிற 'ஃபிலிம்மேக்கர் மோட்' ஒன்று அறிவிக்கப்பட்டது. உங்கள் டிவியில் அது இருந்தால் அதைப் போட்டு ஒரு படம் பாருங்கள்.

ஒலியைக் கட்டுரை தொடவே இல்லை. அப்பாவுக்கு இப்போது 78 வயது, காது மந்தம். பழைய டியூப் டிவியில் ஸ்பீக்கர் முன்பக்கம் பார்த்து இருந்தது. இப்போது திரை ஒல்லியானதால் ஸ்பீக்கரைக் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ வைக்கிறார்கள். பேச்சு சுவரில் பட்டு வருகிறது. சத்தத்தைக் கூட்டினால் பின்னணி இசை அலறும், வசனம் மட்டும் புரியாது. பல டிவிகளில் குரலைத் தனியாகத் தூக்கிக் காட்டுகிற ஒலி மோட் ஒன்று மெனுவுக்குள் இருக்கும். அதைப் போட்டுக்கொடுத்த அன்று, அப்பா ஒரு நாடகத்தை யாரிடமும் "என்ன சொன்னான்?" என்று கேட்காமல் கடைசிவரை பார்த்தார். வயதானவர்கள் இருக்கிற வீட்டில் இந்த வசதி 8கேயைவிடப் பெரியது.

ஆகவே ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் இது. இனி எந்த டிவியைப் பற்றி எழுதினாலும் ஐந்து விவரங்களை மட்டும் கேட்டு வாங்கிப் போடுங்கள். பேனலின் உண்மையான பிக்சல் எண்ணிக்கை, அது ஐபிஎஸ்ஸா விஏவா ஓஎல்இடியா, பின்விளக்கு ஓரத்திலா முழுப் பரப்பிலா (முழுப் பரப்பு என்றால் எத்தனை மண்டலம்), உண்மையான ஹெர்ட்ஸ் 60ஆ 120ஆ, உச்ச வெளிச்சம் எத்தனை நிட். தயாரிப்பாளர் சொல்ல மறுத்தால் 'தெரிவிக்கவில்லை' என்று அச்சிடுங்கள். அதுவும் வாசகருக்கு ஒரு தகவல்தான்.

இந்த ஐந்தையும் உங்கள் கட்டுரைத் துண்டின் ஓரத்திலேயே எழுதி அண்ணன் மகனிடம் கொடுத்தேன். மறுநாள் கடையிலிருந்து போன் செய்தான். ஓடிக்கொண்டிருந்த பூக்காட்சியை நிறுத்தச் சொல்லி, ஏதாவது ஒரு இரவுக் காட்சியைப் போடச் சொன்னானாம். அதுவரை அவனுக்குப் பிடித்திருந்த டிவியில் வானம் சாம்பலாகி, மேல்மூலை இரண்டும் வெளுத்துப்போய்த் தெரிந்ததாம். அவன் பேசாமல் நகர்ந்து இன்னொரு டிவிக்கு முன்னால் போய் நின்றிருக்கிறான். ஐந்து கேள்வியில் மூன்றுக்குத்தான் அங்கே அவனுக்குப் பதில் கிடைத்தது. மண்டலம் எத்தனை, நிட் எத்தனை என்று அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை. அந்த இரண்டையும் நீங்கள் கேட்டால் சொல்வார்கள்.

இப்படிக்கு,
27 வருடமாக டிவி பழுதுபார்க்கும் உங்கள் வாசகி